தோல்விக்கும் ஓர் அளவு உண்டு

பிள்ளைகள் கணினியில் விளையாடினால், "எத்தனை மணி நேரம்?" என்றுதான் நாம் கேட்கிறோம். "எப்படிப்பட்ட விளையாட்டு?" என்று கேட்பது குறைவு. என் பிள்ளைகள் விளையாடும் 'ஃபெல் சீல்' பற்றிச் சகோதரிகளோடு சற்றுக் கதைக்க விரும்புகிறேன்.

2019இல் வெளிவந்த இதை உருவாக்கியது பெரிய கம்பனியல்ல. ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம். சதுரங்கம் போலக் கட்டங்களில் வீரர்களை நகர்த்திப் போரிட வேண்டும். அவசரப்பட்டால் தோல்விதான்.

இதிலே என்னைக் கவர்ந்தது, கஷ்டத்தை அளந்து வைத்திருக்கும் விதம். போரில் விழுந்த வீரன் காயத்தோடு திரும்புகிறான்; அவனுடைய பலம் குறைகிறது. அடுத்த போரில் ஓய்வு கொடுத்தால் குணமாகிறான். அதற்குள் அவனது இடத்துக்கு இன்னொருவரைப் பழக்கியிருக்க வேண்டும். மருந்துகளோ ஒவ்வொரு போருக்கும் புதிதாக நிரம்பிவிடும். நாளைக்கென்று பதுக்கத் தேவையில்லை.

ஒரு போரில் மகள் மூன்று தரம் தோற்று, "எனக்கு ஏலாது" என்று எழுந்துவிட்டாள். அந்தச் சொல்தான் எனக்குப் பயம். கணக்குப் பாடத்திலும் அதையே சொல்லத் தொடங்கியிருந்தாள்.

இந்த விளையாட்டில் எதிரியின் பலத்தையும் காயத்தின் கடுமையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். மறுநாள் அவள் எதிரியின் பலத்தை மட்டும் சற்றுக் குறைத்தாள்.

"குறைச்சு வெச்சு வெல்றதும் ஒரு வெற்றியா?" என்று மகன் சிரித்தான்.

"காயம் அப்படியே இருக்குத்தானே நானா! யோசிக்காம ஆடினா இப்பவும் தோற்பேன்" என்றாள்.

அவள் சொன்னது சரி. தோல்விக்கு விலையே இல்லாவிட்டால் பிள்ளை யோசிக்காது. விலை தாங்க முடியாததாக இருந்தால் முயற்சியையே விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவிலே, விழுந்தவர் எழும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். அந்த நடு இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல. அதனால்தான் அளவை விளையாடுபவரின் கையில் விட்டிருக்கிறார்கள்.

இரண்டு கிழமைக்குப் பின் அவளே பழைய அளவுக்கு உயர்த்திக்கொண்டாள். கணக்கிலும் இப்போது முந்திய வகுப்புக் கணக்குகளிலிருந்து தொடங்கியிருக்கிறோம். பிழைத்தால் நான் விடை சொல்வதில்லை. அவளே தேடித் திருத்துகிறாள். புள்ளிகள் இன்னும் பெரிதாக ஏறவில்லை. ஆனால் "ஏலாது" என்ற சொல்லைக் கேட்டுச் சில நாட்களாகின்றன.