கேட்டுட்டு சும்மா இரு, கண்ணு

"ஆன்மிகத் தேவையைக் கவனிக்கணும்னு வகுப்புல சொல்றாங்க பாட்டி, நான் என்ன பூசாரியா?" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நர்ஸுக்கு அர்ச்சனைத் தட்டு எதற்கு?

முதலில் வலியைப் பார். நாலு மணிக்கு ஒருமுறை தர வேண்டிய மார்ஃபின் மாத்திரை தள்ளிப்போனால் சாகக்கிடக்கும் மனுஷருக்கு ரங்கநாதரும் நினைவுக்கு வர மாட்டார், பெற்ற பிள்ளையும் வர மாட்டான். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கொடு. மற்றப் பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து பிறகு டாக்டருக்குப் படித்தவர். உடம்பு நோவு, மனக்கவலை, குடும்பத்துச் சிக்கல், 'நான் வாழ்ந்ததுக்கு என்ன அர்த்தம்' என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததே சாகப்போகிறவரின் வலி என்றார். நோயையும் நம்பிக்கையையும் சேர்த்துப் பார்ப்பது நமக்கும் புதிதில்லை; நம் ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னதியும் உண்டு, பழைய ஆரோக்கியசாலையைப் பற்றிய கல்வெட்டும் உண்டு. ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நின்றுவிடாதே. திருச்சியில் ஒரு கட்டிலில் நத்தர்வலி தர்கா கயிறு கட்டியவர் இருப்பார், அடுத்ததில் ஜெபமாலை உருட்டும் அம்மா இருப்பார். அதற்கடுத்ததில் சாமி இல்லை என்கிற கறுப்புச் சட்டைக்காரர் இருப்பார்.

அப்படி ஒருவரை பாலக்கரையில் வீட்டில் வைத்துப் பார்த்தோம். கூட வந்த சின்னப்பெண் நல்ல மனசோடு அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். துடைக்கக்கூட அவர் கையில் தெம்பில்லை. கண்ணால் என்னைத் தேடினார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "எதை நினைச்சா ஐயா உங்களுக்குத் தெம்பு வருது?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், சைக்கிள் கடையில் தொழில் கற்றுக்கொடுத்த பையன்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் மகனிடம் சொல்லி அவர்களை வரவழைத்தோம். வந்தவர்கள் பஞ்சர், செயின் என்று கடைக் கதைதான் பேசினார்கள். கடவுள் இல்லை என்றவருக்கும் அந்த ஆன்மிகத் தேவை இருந்தது பார்.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு நர்ஸுகள் படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். வாசல் மாடத்தைப் பார்த்து முடிவுகட்டாதே. மாடம் மருமகளுடையதாக இருக்கலாம். எதை நம்பியிருக்கிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும், நாம் என்ன செய்யலாம் என்று அவரிடமே கேள்.

"யாருக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன், எனக்கு ஏன் இது?" என்று சிலர் கேட்பார்கள். பூர்வ ஜென்ம வினை என்று வாயெடுக்காதே. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லாதே, அது பொய் என்று அவருக்கே தெரியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். அவரே மேலே பேசுவார், இல்லை அழுவார். ஐயரோ பாதிரியாரோ ஹஜ்ரத்தோ வேண்டும் என்றால் ஆளனுப்பு.

கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுது. பென்சிலின் ஒத்துக்காது என்று எழுதுகிற மாதிரியே 'திருநீறு வேண்டாம்' என்பதையும் எழுது. ராத்திரி டியூட்டிக்கு வருகிறவளிடம் வாயாலும் ஒருதரம் சொல்லிவிட்டுப் போ. கூட்டமான வார்டில் ஷீட்டைப் படிக்க அவளுக்கு நேரம் இருக்காது.