உப்பும் முகமும்

கேமரா பொய் சொல்லாது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். சென்ற பங்குனி வரையில் நம்பியும் இருந்தேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். தாத்தா உப்பளத்தில் உழைத்தவர், அப்பாவும் அப்படியே. தாத்தாவுக்கு ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. அவர் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "ஒங்கப்பன் மாதிரிதான்" என்பாள் ஆச்சி. அப்பாவுக்கு இருப்பதோ வாக்காளர் அட்டையில் உள்ள தபால்தலை அளவுப் படம். அதில் இருப்பவர் யாரோ! ஆகவே, கல்யாண வீடுகளில் படமெடுக்கும் மாமா மகனிடம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு உச்சி வேளையில் உப்பளத்துக்குப் போனேன். உப்பு அம்பாரத்தின் முன்னே அப்பாவை நிறுத்தினேன். தலையில் துண்டு, தோளில் உப்பு வாரும் பலகை. எல்லாவற்றையும் கேமராவின் பொறுப்பிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தினேன்.

அம்பாரம் பிரமாதமாக விழுந்திருந்தது. அதன் முன்னே கரித்துண்டு போல் ஓர் உருவம். அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்பு நல்லா விழுந்திருக்குல. என்னையத்தான் காணல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாமா மகன் விளக்கிய பிறகே காரணம் புரிந்தது. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதற்கு உப்பும் தெரியாது, அப்பாவும் தெரியாது. எதிரே இருப்பது எதுவாயினும், தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் என்றே அது எண்ணிக்கொள்கிறது. உப்போ அதைப்போலப் பல மடங்கு ஒளியைத் திருப்புகிறது. வெளிச்சம் மிகுதி என்று அஞ்சிய கருவி, உள்ளே வரும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. வெள்ளை உப்பு சாம்பல் பூக்கிறது. கறுத்த முகம், அதிலும் துண்டின் நிழலில் உள்ள முகம், இருளில் மூழ்குகிறது. வெள்ளையடித்த சுவரோரம் நிறுத்திப் படமெடுப்பவர்களுக்கும் இதே கதிதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பிலிம் காலத்தில் படம் கழுவும் கடைகளுக்குக் கோடாக் கம்பெனி அனுப்பிய நிற ஒப்பீட்டு அட்டையில் பல்லாண்டுகள் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். பல நிறத்தவரும் உள்ள அட்டை 1990-களில்தான் வந்தது. நம் முகங்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

சரி, பரிகாரம் என்ன? ஒளிக்கு வழிவிடும் வாசல்கள் இரண்டு: லென்சின் துவாரம், ஷட்டர். துவார எண் என்பது குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துவரும் ஈவு. ஆகையால் எண் பெருத்தால் துவாரம் சிறுக்கும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 11-ஐ 8 ஆக்கினாலே ஒளி இருமடங்காகிவிடும். ஷட்டர் வெறும் நேரக் கணக்கு. என் படத்தில் துவாரம் 11, ஷட்டர் 1/1000 விநாடி. மறு ஞாயிறு அதே வேளையில், அதே இடத்தில், துவாரத்தைத் தொடாமல் ஷட்டரை மட்டும் 1/250-க்குக் கொண்டுவந்தேன். நான்கு மடங்கு ஒளி! கைப்பேசி வைத்திருப்போர் திரையில் முகத்தைத் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளிப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. நிழலிலுள்ள முகத்தையும் வெயிலில் கிடக்கும் உப்பையும் ஒருசேரப் பிடிக்க நம் கண்ணால் முடிகிறது, கேமராவால் முடியவில்லை. ஏதாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். காலைச் சாய்வெயிலில் எடுத்தால் இவ்வளவு சங்கடமில்லை என்றார் மாமா மகன். அந்நேரத்தில் அப்பாவுக்குப் பாத்தியில் வேலை தலைக்குமேல் இருக்கும்.

டவுனில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். நெற்றிச் சுருக்கம், வெயிலுக்கு இடுங்கிய கண்கள், மீசையில் ஒட்டிய உப்புத் தூள் எல்லாம் தெரிந்தன. ஆச்சி படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். "அவுகதான்" என்றாள். எங்கள் வீட்டில் ஆச்சி 'அவுக' என்று சொல்வது தாத்தா ஒருவரைத்தான்.

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகத்துக்குப் பின்னே அம்பாரம் வெறும் வெள்ளைக் காகிதமாகக் கிடந்தது.

"இப்ப உப்பு எங்கல போச்சு?" என்றார்.