ஆண்டாள் வேஷத்தை வீட்டிலேயே கட்டுங்கள்

ஆடிப்பூரம் நெருங்கினால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆண்டாள் வேஷப் பேச்சு வந்துவிடும். உடனே வாடகைக் கடையைத் தேடுகிறார்கள். கொண்டை, நகை, பிளாஸ்டிக் கிளி எல்லாம் ஒரே பையில் வருகிறது. சாயங்காலம் திரும்பிப் போய்விடுகிறது. அந்தப் பையைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நம் பக்கத்தில் இல்லாத பொருளா? ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பழைய கறுப்பு சாக்ஸில் பஞ்சை அடைத்து, வளைத்துத் தைத்துப் பூச்சுற்றினால் சாய்ந்த கொண்டை தயார். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டால், கூடவே ஆண்டாளின் அப்பா பெரியாழ்வாராக நிற்கும் தம்பிக்கு உத்தரீயம். போன வருஷத்துச் சிவகாசி காலண்டர் அட்டையை வெட்டி, மைதாப் பசை தடவி, ஜிகினாத்தாள் ஒட்டினால் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும். அம்மாவின் பழைய சேலையை இரண்டாக மடித்துக் கொசுவம் வைத்து நூலோட்டிவிடுங்கள். பின் குத்தாதீர்கள், பிள்ளை மேடையில் நெளியும்.

கிளியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளி தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ மூக்கு, மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையில் சிறகு, காக்காப்பொன்னில் கண், கட்டுவதற்கு வாழைநார். ஒரு கிளிக்கு 4 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மறுநாள் வேறு கிளி. வாடிப்போகும் என்று தெரிந்தும் தலைமுறை தலைமுறையாக அதே கவனத்தோடு கட்டுகிறார்கள். இதைச் சொல்லிக்கொண்டே பிள்ளையின் கையில் இலையைக் கொடுங்கள். மூக்கு கோணினால் கோணட்டும். நீங்கள் வாங்கித் திருத்தாதீர்கள். கொண்டை ஏன் சாய்ந்திருக்கிறது, கிளி யாருக்குத் தூது போகும் என்று அவள் கேட்கத் தொடங்குவாள். வாடகைப் பையோடு இந்தக் கேள்விகள் வருவதில்லை.

ஆண்டாளே பாவனையில் வாழ்ந்தவள்தானே. அப்பா கட்டிய மாலையைத் தானே சூடி அழகு பார்த்தாள். அவள் முகம் பார்த்ததாகச் சொல்லும் கண்ணாடிக் கிணறு இன்றும் இருக்கிறது. திருப்பாவையின் 30 பாசுரங்களுக்காக வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாக்கி, தோழிகளை ஆய்ச்சியராக்கி, வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாக்கிக்கொண்டாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சொந்த ஊரும் தெருவும் கோயிலும் அவளுக்குப் போதுமானதாக இருந்தன. அவள் சூடிக் களைந்த மாலைக்காக இன்றும் புரட்டாசியில் திருப்பதிப் பெருமாளும், சித்திரையில் மதுரை அழகரும் காத்திருக்கிறார்கள்.

மாறுவேடப் போட்டியில் பளபளப்புக்குத்தான் பரிசு போகிறது என்று தாய்மார்கள் வருத்தப்படுகிறார்கள். சில மேடைகளில் அப்படித்தான் நடக்கிறது. நடுவராக உட்காரும் ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: நகையை எண்ணாதீர்கள், கிளி எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். தாய்மார்களுக்கும் ஒன்று உண்டு. மேடையில் பேச வேண்டிய நாலு வரியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். இலை கிள்ளி, நார் முறுக்கிய பிள்ளைக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.