வங்கதேசத்தின் ஆயத்த ஆடையும் உலகமயமும்

வங்கதேசத்தின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடைகளிலிருந்து வருகிறது. 1974-இல் பணக்கார நாடுகள் ஆடை இறக்குமதிக்கு நாடுவாரியாக உச்சவரம்பு விதித்தன. வரம்பில் சிக்கிய தென்கொரிய நிறுவனங்கள், அப்போது அத்தகைய வரம்பு இல்லாத வங்கதேசத்தை நாடின. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் தந்த வரிவிலக்கு இத்தொழிலை மேலும் வளர்த்தது. லட்சக்கணக்கான கிராமத்துப் பெண்களின் கைக்குச் சொந்தச் சம்பளம் வந்தது.

2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவை அடுத்த சாவாரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் தொழிலாளர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டிருந்தனர். அவ்வாண்டே அமெரிக்கா வங்கதேசத்துக்கான வர்த்தகச் சலுகையை நிறுத்தியது. ஐரோப்பிய நிறுவனங்கள் பல, தொழிற்சங்கங்களோடு பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

வாங்கும் நிறுவனம் விலையைக் குறைக்கும்போது சுமை தொழிலாளியின் கூலியில்தான் விழுகிறது. வேலை தந்த உலகமயம் உயிருக்குப் பாதுகாப்பும் தந்தாக வேண்டும்.