‘என்று’, ‘தான்’

ஆங்கிலத்தில் பிறர் கூற்றை மாற்றியெழுதுங்கால் நம் மாணவர் பலர் இடறுகின்றனர். அஃது அவர்தம் மந்தபுத்தியன்று என்பதே நம் அபிப்பிராயம். “நாளை வருகிறேன் என்றான்” எனத் தமிழர் சொன்னவன் வாய்மொழியைக் கலைக்காமலே வைத்து, ‘என்று’ எனும் முத்திரையைப் பதித்துவிடுவர். ஆங்கிலமோ தன்மையைப் படர்க்கையாக்கி, நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கி, நாளையை மறுநாளாக்கும்.

இத்துணைப் பாடுபட்டும், கந்தன் வேலனிடம் பணத்தை எடுத்ததாகச் சொன்ன செய்தியில், எடுத்தவன் எவனென்பது ஆங்கிலத்தில் விளங்காது. இருவரும் ‘ஹீ’ தானே! தமிழில் ‘தான் எடுத்ததாக’ என்றால் கந்தனின் ஒப்புதல். ‘அவன் எடுத்ததாக’ என்றால் பெரும்பாலும் வேறொருவன்மீது பழி. பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் சாட்சியின் சொல்லை ஆங்கிலமாக்குவோர் இதனை நழுவவிடின், ஒருவன் சிறை புகவும் கூடும்.

1841-இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஆயினும் இருமொழியையும் அருகருகே வைத்து வகுப்பில் கற்பித்தல் இன்றும் அரிதே.

குறுக்குத்துறைப் படியில் நிற்பவன் ‘வெள்ளம் வருகிறதென்று எண்ணினான்’ எனின், தாமிரபரணியில் வெள்ளம் வாராதிருக்கவும் கூடும். ‘வெள்ளம் வருவதை உணர்ந்தான்’ எனின், அவன் கரையேறுதலே நன்று.