மக்கு வேலை

ஒரு ராத்திரி இரண்டு மணி. தண்ணீர் குடிக்க எழுந்து போனால், சமையலறைத் தரையில் உட்கார்ந்து என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். குழந்தைக்கு அப்போது நாலு மாதம். பதறிப்போய் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பால் பொங்கி வழிஞ்சுடுச்சா?"

புத்திசாலிப் புருஷன்!

பிரசவத்துக்கு அம்மா வீடு போனவள் சென்னை திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால், திரும்ப ராத்திரி ஏழரை. வாஷிங் மெஷின் இருக்கு, பாத்திரம் தேய்க்க ஆள் இருக்கு, அப்புறம் என்ன குறை என்பது என் கட்சி. "எல்லாரும்தான் பெத்துக்கறாங்க" என்று வேறு ஒரு தடவை சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் போனோம். பிள்ளை பெற்ற முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும் என்றார். அதற்கு மேலும் நீடித்தால் அது செல்லமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வைத்தியம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ராத்திரி குழந்தை அழுதா யார் எழுந்திருக்கறது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மருந்தோடு கூடவே, தினமும் ஒரு மணி நேரம் அவளுக்கென்று ஒதுக்கியாக வேண்டும் என்பதும் உத்தரவு. கீழ் வீட்டு மாமி தஞ்சாவூர் ஓவியம் சொல்லித் தருபவர். 'வெண்ணெய்க் கிருஷ்ணன்தான் போடுவேன்' என்று போய் உட்கார்ந்துவிட்டாள் இவள். வீட்டில் ஒன்று போதாதா என்று நினைத்தேன். சொல்லவில்லை. கொஞ்சம் தேறியிருந்தேன்.

மராட்டிய மன்னர்கள் காலத்தில் தஞ்சையில் செழித்த கலை இது. அந்த நாளில் பலாப் பலகை, புளியங்கொட்டைப் பசை. இப்போது பிளைவுட்டும் ஃபெவிகாலும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூள் பூசித் தேய்த்து, படம் வரைந்து, கல் பதிக்க வேண்டும். அதன் பிறகு சுண்ணத்தூளையும் கோந்தையும் குழைத்து நகை, தூண், வளைவு எல்லாவற்றையும் புடைப்பாக எழுப்ப வேண்டும். இதற்குப் பெயர் மக்கு வேலை.

"இன்னிக்கு மக்கு வேலைங்க" என்றாள் ஒருநாள்.

"என்னை எதுக்கு இழுக்கறே?" என்றேன்.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

மக்கைச் சொட்டுச் சொட்டாகத்தான் வைக்க வேண்டும். கை நடுங்கினால் கிருஷ்ணனின் முத்துமாலை பூசணி விதை மாலையாகிவிடும். வைத்ததும் தங்க ரேக்கை ஒட்டிவிட முடியாது, காய வேண்டும். "அவசரமே இல்லடி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பாராம் மாமி. பால், அழுகை, ஈரத்துணி என்று எல்லாமே 'இப்பவே, இந்த நிமிஷமே' என்று கத்திக்கொண்டிருந்த வாழ்க்கையில், நாளைக்கு வா என்று சொன்ன ஒரே பொருள் அந்தப் பலகைதான் என்றாள்.

அவள் கீழே, குழந்தையும் நானும் மேலே. முதல் நாள் ஏழாவது நிமிடம் மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். "டயபருக்கு முன்பக்கம் எது?" இரண்டாம் நாள் பதினைந்தாவது நிமிடம். மூன்றாம் நாள் மாமியே கதவைத் திறந்து, "போடா மேலே!" என்றார். பி.காமில் ஐந்தொகை போட்டவன் நான். அழுகிற பிள்ளையோடு கழிக்கும் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தினமும் இதைப் பதினோரு முறை தனியாகப் பார்த்திருக்கிறாள்.

படம் வரைந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். நடுவில் ஒரு மாதம் பலகை துணி மூடிக் கிடந்தது. டாக்டரம்மாவிடம் போவதையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தை மட்டும் நான் மறக்கவில்லை. துணி மூடிய நாட்களில் அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். அதுவும் வைத்தியம்தான்.

புதிதாக அப்பாவான தம்பிகளே, உங்கள் வீட்டில் ஓவியம் வராவிட்டால் பரவாயில்லை. குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டுமாம். அன்றைக்குக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன். கொழுகொழு வெள்ளைக் கிருஷ்ணன், கையில் வெண்ணெய்ப் பானை. இடது கண் மட்டும் லேசாகச் சொருகிவிட்டது. "சரி பண்ணிடலாம்" என்று தூரிகையை எடுத்தார் மாமி.

"வேண்டாம் மாமி" என்றாள் என் மனைவி. "ராத்திரியெல்லாம் தூங்காம படுத்தற பிள்ளைக்குக் கண்ணு அப்படித்தான் இருக்கும்."