ஒரு ஆன்டெனா, ரெண்டு டிவி

மதுரையில் அப்போதெல்லாம் மொட்டை மாடி ஆன்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்துத்தான் நிற்கும். மாடியில் சித்தப்பா வீட்டுக்கும் டிவி வந்ததும், அப்பா பிளேடால் ஒயரைச் சீவி, ரெண்டாக முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரம். ரெண்டு வீட்டிலும் ஒரே புள்ளி மழை. போதாக்குறைக்கு ஹீரோவுக்குப் பின்னால் ஒரு நிழல் ஹீரோ. பழி ஆன்டெனாவில் உட்காரும் காக்கா மேல் விழுந்தது, பாவம்.

ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. வெறுமனே முறுக்கினால் சிக்னலில் ஒரு பங்கு மோதித் திரும்பி ஓடும். நிழலுக்கு அதுவும் ஒரு காரணம். முறுக்குவதற்குப் பதில் சிக்னலைப் பிரித்துத் தரும் ஸ்ப்ளிட்டர் வைத்தால், அது அதைத் தடுக்கும். ஆனாலும் ஆளுக்குப் பாதிகூடத் தேறாது, சுமார் 3.5 டெசிபல் போய்விடும். பூஸ்டர் வைப்பதானால் பிரிப்பதற்கு முன்னால், ஆன்டெனா பக்கத்திலேயே வைக்கணும். பிரித்தபிறகு வைத்தால் புள்ளியும் சேர்ந்து பெருகும்.

அப்பா சுற்றிய அந்த முடிச்சு இன்னமும் மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்குகிறது.